ஒரே குசினி, ஐந்து விலை

இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம் என்று ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். அது பொய்யில்லை. பாதி உண்மை. மிச்சப் பாதி, ஆஸ்பத்திரிக் கவுண்டரில் காசு கேட்பதற்கு முதல் கேட்கப்படும் ஒரு கேள்வியில் இருக்கிறது: 'நீ யார்? இந்த நாட்டில் என்னவாக இருக்கிறாய்?'

நான் லண்டனில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். 2011இல் வந்து, வழக்கு நடந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, இப்போது நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் இரண்டு வருடம் படித்தேன். மிச்சத்தை யுத்தம் தின்றுவிட்டது. கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது கொத்துரொட்டி போடும் இடத்துக்கு வந்திருக்கிறேன். ஒரு பொருளின் விலை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று அப்போது எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஒரே பொருளுக்கு, ஒரே கடையில், வாங்குபவனின் கடவுச்சீட்டைப் பார்த்து ஐந்து விலை வைக்கலாம் என்று அந்தப் பாடத்தில் இருக்கவில்லை. அதை நான் இந்தக் குசினியில்தான் படித்தேன்.

எங்கள் குசினியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

முதலாளி பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். எனக்கும் பெரிய சமையல்காரருக்கும் நிரந்தர வதிவிடம். எங்கள் மூவருக்கும் ஆஸ்பத்திரி இலவசம். இது முதல் விலை.

மேசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற மட்டக்களப்புத் தம்பி மாணவர் விசாவில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு வந்தவர். விசா விண்ணப்பத்தோடு சுகாதார மேலதிகக் கட்டணம் என்று 1164 பவுண் முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார். இது இரண்டாவது விலை.

பெரிய சமையல்காரர் 2024இல் பருத்தித்துறையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். விசாக் கட்டணம் வேறு, அதற்கு மேல் இந்தச் சுகாதாரக் கட்டணம் மட்டும் 3105 பவுண். அந்தப் பிள்ளைக்கு இங்கே வந்து ஒரு தடிமன்கூட வரவில்லை. இப்போது அவவும் வேலைக்குப் போகிறா, சம்பளத்தில் வரியும் தேசியக் காப்புறுதியும் வெட்டுகிறார்கள். ஒரே சாமானுக்கு இரண்டு தரம் காசு. இது மூன்றாவது விலை.

முதலாளியின் தாயார் 2023இல் ஆறு மாத விசாவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவ. படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற பார்வையாளருக்கு, அந்தச் சிகிச்சைக்கு அரசு கணக்கிட்ட செலவில் நூற்றைம்பது வீதம் அறவிடவேண்டும் என்பது 2015இல் வந்த விதி. பதின்மூவாயிரம் பவுணுக்கு மேல் வந்தது. சீனி வருத்தமும் பிறசரும் உள்ள எழுபத்துநாலு வயது மனுசிக்குக் காப்புறுதிக்காரன் கேட்ட தொகையைப் பார்த்து, முதலாளி காப்புறுதி எடுக்காமல் விட்டிருந்தார். இன்னமும் தவணையில் கட்டுகிறார். இது நான்காவது விலை.

ஐந்தாவது ஆள் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறார். முல்லைத்தீவுக்காரர். நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவது. அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடும் தோற்றுவிட்டது. வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகையால் அவர் வெங்காயம் உரிப்பது வேலையல்ல, உதவி! அவருக்கும் நூற்றைம்பது வீதம்தான். ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். 500 பவுணுக்கு மேற்பட்ட பில்லை இரண்டு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆஸ்பத்திரி அந்த விபரத்தை ஹோம் ஒபிஸுக்கு அறிவிக்கலாம். ஹோம் ஒபிஸ் அதையே காரணமாகக் காட்டிப் பிறகு போடுகிற விண்ணப்பங்களை மறுக்கலாம்.

நாங்கள் எல்லோரும் ஒரே எண்ணெய்ப் புகையைத்தான் மூச்சாக இழுக்கிறோம். இரவு பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டு, எல்லோருக்கும் ஒரே 'கஸ்ரிக்' தான். விலை மட்டும் ஐந்து.

இந்தச் சேவை தொடங்கியபோது அப்படி இருக்கவில்லை. 1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை ஆரம்பித்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன், பதின்மூன்று வயதில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளி. தொடங்கிய கொஞ்சக் காலத்திலேயே, வெளிநாட்டுக்காரர் வந்து இலவசப் பல்லும் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று பத்திரிகைகள் கூச்சல் போட்டன. 1949இல் வெளிநாட்டவரிடம் கட்டணம் அறவிடும் அதிகாரம் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதைப் பாவிக்க முப்பத்துமூன்று வருடம் யாரும் துணியவில்லை. ஏன் என்பதைப் பெவன் 1952இல் எழுதிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: யார் வெளிநாட்டவர் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், வெளிநாட்டவர் அல்லாத எல்லோரும் தாங்கள் யார் என்று நிரூபிக்கவேண்டி வரும். சிலரை வெளியே வைக்கத் தொடங்கியது எல்லோருக்கும் உபத்திரவமாக முடியும். இதே பெவன்தான் 1951இல், பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்ததை எதிர்த்துப் பதவியைத் துறந்தவர்.

1982 ஒக்ரோபரில்தான் வெளிநாட்டு வருகையாளருக்கான கட்டண விதிகள் அமுலுக்கு வந்தன. அப்போதும் 'சாதாரணமாக இங்கே வசிப்பவர்' என்றால் இலவசம். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அந்தச் சொல்லின் அர்த்தத்தையே மாற்றியது. நிரந்தர வதிவிடம் இல்லாதவர், எத்தனை வருடம் இங்கே இருந்து வேலை செய்தாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் சாதாரணமாக வசிப்பவர் அல்ல. 2015 ஏப்ரலில் சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 200 பவுணாகத் தொடங்கியது. 2019இல் 400, 2020இல் 624, 2024 பெப்ரவரியில் 1035. எங்கள் கடையில் ஒன்பது வருடத்தில் கொத்துரொட்டியின் விலையை ஐந்து மடங்காக ஏற்றியிருந்தால் முதலாளி கடையைப் பூட்டியிருப்பார். 2017 ஒக்ரோபரிலிருந்து, அவசரமில்லாத சிகிச்சையென்றால் காசை முன்கூட்டியே வாங்கவேண்டும் என்று இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்குச் சட்டக் கடமையாக்கினார்கள்.

இனி அண்ணையின் கதைக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவருக்கு வயிற்றில் குத்து. 'கஸ்ரிக்' என்றார். இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை நிரம்பிய சனம். அவர் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை பார்த்தால் கண் மஞ்சள், உடம்பு நெருப்பு.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் அண்ணை."

"வேண்டாம் தம்பி. ரெண்டு பனடோல் தாரும்."

தூக்கி ராக்சியில் ஏற்றாத குறையாகத்தான் கொண்டுபோனோம். விபத்து, அவசரப் பிரிவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் இலவசம். சட்டமே அப்படித்தான். இளம் வைத்தியர் ஒருவர் அண்ணையின் வயிற்றை அமத்திப் பார்த்தார். ஸ்கான் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், கிருமி தொற்றியிருக்கிறது, உடனே வார்ட்டில் சேர்க்கவேண்டும் என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் ஆடித் திறக்கிற ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது என்று கட்டிலில் கிடந்தவருக்கும் தெரியாது, தள்ளிக்கொண்டு போன ஊழியருக்கும் தெரிந்திருக்காது. அவசரப் பிரிவில் இலவசமாக இருந்த அதே உடம்பு, அதே வருத்தம், வார்ட்டில் அனுமதிக்கப்பட்ட நிமிடத்திலிருந்து கட்டணத்துக்குரியது.

இரண்டாம் நாள் கையில் கோவையோடு ஒரு பெண் கட்டிலடிக்கு வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். நான் குசினியில் நின்றுகொண்டு ரெலிபோனில் மொழிபெயர்த்தேன். எப்போது வந்தீர்கள், என்ன விசா, வழக்கு என்ன நிலை, கடைசிக் கடிதம் எப்போது வந்தது? அண்ணையின் குரல் ஹோம் ஒபிஸ் நேர்முகத்தில் இருப்பவரின் குரல் மாதிரி இருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. அவசரமென்று வைத்தியர் தீர்மானித்தால் காசுக்காக அதை நிறுத்த முடியாது. அதுவும் சட்டம்தான். அதற்காக அந்த வைத்தியருக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

ஆறு கிழமையால் கடிதம் வந்தது. எண்ணாயிரத்துச் சொச்சம் பவுண். நான் வாசித்துச் சொன்னேன். அண்ணை தொகையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்:

"தம்பி, இது ஹோம் ஒபிஸுக்குப் போகுமோ?"

அதற்குப் பிறகு காயத்தைக் காட்டப் போகவேண்டிய தவணைக்கு அவர் போகவில்லை. தையலை எங்கள் பெரிய சமையல்காரரின் மனைவிதான் பார்த்துத் துடைத்துவிட்டா.

இதில் ஒரு விசித்திரம். அண்ணை கார்டிவ்விலோ கிளாஸ்கோவிலோ விழுந்திருந்தால் அவருக்குப் பில் வந்திராது. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் நிராகரிக்கப்பட்ட அகதிகளிடம் கட்டணம் அறவிடுவதில்லை. ஒரே இராச்சியம், ஒரே மகாராஜா, ஆனால் எல்லை தாண்டினால் பித்தப்பைக்கு வேறு சட்டம். அப்படி விட்டதால் வேல்ஸ் இன்னும் கடலுக்குள் தாழவில்லை.

எங்கள் முதலாளியின் நியாயத்தையும் சொல்லவேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல.

"இருவத்தெட்டு வருசமா வரி கட்டுறன் தம்பி. என்ரை அம்மாவுக்கே பதின்மூவாயிரம் கட்டினனான். நான் கட்டினால் மற்றவனும் கட்டத்தானே வேணும்? எல்லாருக்கும் சும்மா குடுத்தால் ஆஸ்பத்திரி எப்பிடி நடக்கிறது?"

இதை எங்கள் ஆட்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயிலில், கலியாண வீட்டில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில். காட் கிடைத்த அடுத்த வருடமே, பிறகு வந்தவனைப் பார்த்து 'உவங்கள்' என்று சொல்லப் பழகிவிடுகிறோம். ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி காற்றில் நடப்பதில்லை. காசு வேண்டும்.

ஆகவே காசைப் பார்ப்போம். வெளிநாட்டவர் மூலம் 2017-18ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 500 மில்லியன் பவுண் மீட்பது என்பதுதான் அரசாங்கம் வைத்த இலக்கு. மேலதிகக் கட்டணம், ஐரோப்பிய நாடுகளிடம் வாங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சுகாதாரச் செலவு வருடத்துக்கு நூறு பில்லியனுக்கும் மேல். இலக்கை முழுதாக எட்டினாலும் அரை வீதத்துக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருப்பதற்கு முல்லைத்தீவு அண்ணையின் பித்தப்பை காரணமல்ல. அவர் போன்றவரிடமிருந்து அந்த எண்ணாயிரம் வரப்போவதுமில்லை. வேலை செய்யக்கூடாது என்று ஒரு கடிதம், எண்ணாயிரம் கட்டு என்று இன்னொரு கடிதம். இரண்டையும் ஒரே அரசாங்கம்தான் அனுப்புகிறது.

இந்தக் கணக்கை முதலாளிக்குச் சொன்னேன். "நீ படிச்சனி, கதைப்பாய்" என்றார். அடுத்த கிழமை அண்ணையின் பெயரில் மாதம் இருபது பவுண் தவணை கட்ட ஒழுங்கு செய்தவரும் அவர்தான். பில் கட்டப்படுகிறது என்றால் ஹோம் ஒபிஸ் கொஞ்சம் சும்மா இருக்கும் என்பது அவருடைய கணக்கு. வாயால் ஒன்று சொல்லி, கையால் வேறொன்று செய்கிற மனிதர்கள்தான் எங்கள் சமூகம் என்று நினைத்துக்கொண்டேன். கையை நம்பலாம்.

பெவன் சொன்ன உபத்திரவம் எங்களோடு நிற்கவில்லை. 2018 மார்ச்சில் அல்பேர்ட் தொம்சன் என்ற புனைபெயரில் ஒருவரின் கதை பத்திரிகைகளில் வந்தது. பதின்ம வயதில் ஜமெய்க்காவிலிருந்து வந்து 44 வருடம் லண்டனில் வாழ்ந்தவர். வரி கட்டியவர். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கவேண்டிய நேரத்தில், வதிவிட உரிமையை நிரூபிக்க முடியவில்லை என்று 54,000 பவுண் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பெற்றோரோடு வந்து இறங்கிய பிள்ளைகளிடம் யார் பத்திரம் கேட்டது? இன்று கேட்கிறார்கள். கவுண்டரில் இருப்பவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கவேண்டும் என்பது விதி. ஆனால் வேலை நெருக்கத்தில் அவருடைய கண் எங்கே போகும்? பெயரைப் பார்க்கும். நிறத்தைப் பார்க்கும். ஆங்கிலத்தைக் கேட்கும். கடவுச்சீட்டு வைத்திருக்கிற எங்கள் முதலாளியும் அந்தக் கண்ணுக்கு அண்ணை மாதிரித்தான் தெரிவார்.

2020இல் கொரோனா வந்து, பிரதமரே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். இரவிரவாக அவரைப் பார்த்த தாதிகளில் ஒருவர் நியூசிலாந்து, மற்றவர் போர்த்துக்கல் என்று அவரே தொலைக்காட்சியில் நன்றி சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த தாதிகள், தாங்கள் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரிச் சேவைக்காக மேலதிகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கண்டனம் எழுந்தபிறகு அந்த வருடம் மே மாதத்தில் சுகாதார ஊழியர்களுக்கு விலக்களிப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முதல் வருடமே பிரித்தானிய மருத்துவச் சங்கம் இந்தக் கட்டண முறையையே கைவிடவேண்டும் என்று தீர்மானம் எடுத்திருந்தது. நோயாளியின் கடவுச்சீட்டைப் பார்ப்பது தங்கள் தொழிலல்ல என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் 'பொதுப்பண்டம்' என்ற பாடத்துக்கு வெளிச்சவீட்டைத்தான் உதாரணம் சொல்லுவார்கள். வெளிச்சவீடு எந்த நாட்டுக் கப்பல் என்று பார்த்து ஒளி வீசுவதில்லை. பார்த்துப் பார்த்து வீசினால் எல்லாக் கப்பலுக்கும் ஆபத்து. இதை இந்தச் சட்டமே ஒரு மூலையில் ஒப்புக்கொள்கிறது. காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்கு யாராயிருந்தாலும் கட்டணமில்லை. எச்.ஐ.விக்கு 2012 ஒக்ரோபரிலிருந்து இல்லை. கொரோனாவுக்கும் இல்லை. ஆனால் வருத்தம் தொற்றுநோயா இல்லையா என்று வைத்தியரிடம் போனபிறகுதானே தெரியும்? பில்லுக்குப் பயந்தவன் வாசலுக்கே வரமாட்டானே!

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளருக்கு 25 சதம் கட்டணம் வைத்தார்கள். அம்மம்மா சொல்லுவா, அந்த 25 சதத்துக்காகக் காய்ச்சலோடு வீட்டில் கிடந்த சனத்தைப் பற்றி. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். 25 சதம் சனத்தை வாசலில் மறித்ததென்றால், எண்ணாயிரம் பவுணும் ஹோம் ஒபிஸும் சேர்ந்து என்ன செய்யும்?

இதை வாசிப்பவர்களில் அண்ணை மாதிரி ஒருவரைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்குச் சொல்ல இங்கிலாந்து பற்றிச் சில விஷயங்கள். ஜீ.பீ.யிடம் பதிவதும் அவரைப் பார்ப்பதும் எந்த விசாக்காரருக்கும், விசா இல்லாதவருக்கும் இலவசம். கடவுச்சீட்டோ முகவரிப் பத்திரமோ இல்லாததற்காகப் பதிவை மறுக்கக்கூடாது. அவசரப் பிரிவு இலவசம். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கு எல்லாமே இலவசம். நிராகரிக்கப்பட்டும் ஹோம் ஒபிஸின் உதவியில் தங்கவைக்கப்பட்டிருப்பவருக்கும் அப்படியே. பிள்ளைப்பேறு அவசர சிகிச்சை. பில் வரலாம், ஆனால் காசு இல்லையென்று திருப்பி அனுப்ப முடியாது. இன்னொன்று எங்கள் ஆட்களுக்கு முக்கியமானது. சித்திரவதையால் வந்த உடல், மன வருத்தங்களுக்கான சிகிச்சை, அந்தச் சிகிச்சைக்காகவே நாட்டுக்குள் வந்தவரல்ல என்றால், விசா எதுவாயிருந்தாலும் இலவசம்.

அண்ணைக்கு நாரியில் ஒரு நோவு இருக்கிறது. வெங்காய மூட்டையைத் தூக்கினால் அரை மணித்தியாலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 2009இல் முகாமிலிருந்து கொண்டுபோய் நாலு மாதம் வைத்திருந்த இடத்தில் வந்த நோவு அது. அவர் விபரமாகச் சொன்னதில்லை. இதற்குக் காசு கேட்கமாட்டார்கள் அண்ணை, சட்டத்தில் இருக்கிறது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அதை அந்தக் கவுண்டரிலை சொல்லவேணும், என்ன?"

நீதிமன்றத்தில் சொல்லி நம்பாமல் விட்டதை, பின்னால் வரிசையில் சனம் நிற்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பிள்ளைக்குச் சொல்லவேண்டும். அவருக்கு இலவசம் என்பதன் விலை அது. எங்கள் குசினியில் நான் எண்ணிய ஐந்து விலைக்குள்ளும் அது இல்லை.

முதலில் ஜீ.பீ.யிடம் சொல்லிக் கடிதம் எடுத்தால், கவுண்டரில் வாய் திறக்கவேண்டிய தேவை குறையும் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை கடை பூட்டு. பத்து மணிக்குத் தவணை எடுத்திருக்கிறேன். மொழிபெயர்க்க நான் போகிறேன். அண்ணை இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை.